குளிசை பிறக்குமிடத்தில் ஓராண்டு

மூதூருக்குத் தெற்கே, களப்பு கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது இலங்கைத்துறை முகத்துவாரம். இந்தக் கரையில் சீனி வருத்தமோ பிரசரோ உள்ள ஒருவர் மாதந்தோறும் கிளினிக்குக்குப் போகிறார். ஈச்சிலம்பற்றில் மருந்து முடிந்திருந்தால் மூதூர். அங்கும் இல்லையென்றால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பிறகு நகருக்குப் போய்வருவது இலேசாகிவிட்டது. அதற்கு முன் மூதூர் லோஞ்சும் மிதவைப் பாதைகளும்தான். கொப்பியைக் கொடுத்து, நம்பர் எடுத்து, வாங்கிலில் காத்திருந்து, கடைசியில் சின்னச் சின்னக் காகித உறைகளில் மெட்போமின், லொசாட்டன், அட்டோவாஸ்ரட்டின் என்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார். உறையில் எழுதியிருப்பது காலை ஒன்று, இரவு ஒன்று. அந்தக் குளிசையை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், செய்தது சரியென்று யார் பார்த்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் அந்த ஊரில் இருப்பதும் அரிது.

இந்தக் கட்டுரை அந்த அரிதான ஒருவரைப் பற்றியது. மருந்தாக்கல் படிக்கும் ஒரு பிள்ளை, படிப்பின் நடுவிலோ முடிவிலோ, ஒரு முழு ஆண்டு மருந்துத் தொழிற்சாலைக்குள் வேலை செய்து பழகினால் என்ன நடக்கும்? அந்த வாய்ப்பு ஏன் கிழக்கின் பிள்ளைகளுக்கு இவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

இலங்கைக்கு வேண்டிய மருந்தில் ஏறத்தாழ 80 வீதம் வெளியிலிருந்து வருகிறது, பெரும்பகுதி இந்தியாவிலிருந்து. உள்ளூரில் மருந்து செய்யும் பெரிய தொழிற்சாலைகள் கொழும்பையும் கண்டியையும் சுற்றியே இருக்கின்றன. திருகோணமலை தொழிற்சாலை பார்க்காத மாவட்டமல்ல. பிரிமா மா ஆலை இருக்கிறது, டோக்கியோ சீமெந்து இருக்கிறது, சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்கின்றன. வடக்கே புல்மோட்டையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட் பிரித்து ஏற்றுமதி செய்கிறார்கள். இல்மனைட்டிலிருந்து எடுக்கப்படுவதே டைட்டானியம் டைஒக்சைட் என்ற வெள்ளை நிறமி. பெயின்ற்றுக்கும் அதுதான், குளிசையின் மேலுள்ள வெள்ளைப் பூச்சுக்கும் அதுதான். நம் மாவட்டத்துக் கரையில் கிடப்பது மருந்தின் மேற்பூச்சுக்கான மூலம். அதை மருந்தாக்கும் அறிவு மட்டும் இங்கே இல்லை.

மருந்துத் தொழிற்சாலைக்குள் போகும் மாணவரை முதல் நாளே இயந்திரத்தருகில் விடுவதில்லை. முதலில் எஸ்.ஓ.பி. எனப்படும் செயல்முறை ஏடுகளை வாசிக்க வேண்டும், வாசித்ததற்குக் கையொப்பம் இட வேண்டும். கை கழுவுவதற்கு ஒரு ஏடு, உடை மாற்றுவதற்கு ஒரு ஏடு, தராசைச் சரிபார்ப்பதற்கு ஒரு ஏடு. உற்பத்திப் பகுதிக்குள் நுழையும்போது தோடு, காப்பு, கோயில் நூல், நெற்றிப் பொட்டு எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட வேண்டும். பொட்டில்லாமல் வெளியில் இறங்காத வீட்டுப் பிள்ளைக்கு அந்த முதற் காலை ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். ஒரு மாதம் போனதும், ஒரு தலைமயிர் குளிசைக்குள் போனால் என்ன ஆகும் என்று அதே பிள்ளை புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுக்கும்.

எல்லோருக்கும் தெரிந்த பரசிட்டமோலையே எடுத்துக்கொள்வோம். அது இலேசாகக் குளிசையாகிவிடும் பொருளல்ல. தூளாக அச்சில் போட்டு அழுத்தினால் ஒட்டாது, மேற்பகுதி தொப்பிபோலக் கழன்று வந்துவிடும். அதனால் மாப்பசையோ வேறு பிணைப்பியோ விட்டுக் குழைத்து, குறுணையாக்கி, காயவைத்து, அரித்து எடுக்கிறார்கள். அச்சில் ஒட்டாதிருக்கக் கடைசியில் கொஞ்சம் மக்னீசியம் ஸ்டியரேற் சேர்ப்பார்கள். அதைச் சில நிமிடம் கூடக் கலக்கிவிட்டால் போதும், குளிசை பார்வைக்கு அழகாக இருக்கும், வயிற்றில் கரைய மறுக்கும். புத்தகத்தில் இது ஒரு வரி. தொழிற்சாலையில் இது ஒரு முழு நாளின் வேலை வீணாவது.

குளிசை விழத் தொடங்கியதும், குறித்த இடைவெளிகளில் இருபது குளிசைகளை எடுத்து ஒவ்வொன்றாக நிறுக்க வேண்டும். சராசரி நிறை 560 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 532க்குக் கீழேயோ 588க்கு மேலேயோ போகும் குளிசைகள் இருபதில் இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. ஐந்து வீத எல்லை அது. ஒரு குளிசைகூடப் பத்து வீதத்தைத் தாண்டக்கூடாது. பிறகு, நூறு முறை உருட்டிப் பார்த்து எவ்வளவு தூள் உதிர்கிறது என்ற சோதனை. ஒரு வீதத்துக்கு மேல் உதிர்ந்தால் சரியில்லை. அப்புறம் ஆய்வுகூடத்தில் ஆறு கண்ணாடிப் பாத்திரங்கள், ஒவ்வொன்றிலும் 900 மில்லிலீற்றர் கரைசல், உடல் சூடான 37 பாகை, மெதுவாகச் சுற்றும் துடுப்பு. அமெரிக்க மருந்துநூலின்படி அரை மணி நேரத்தில் குளிசையிலுள்ள பரசிட்டமோலில் 80 வீதமாவது கரைந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

இந்த எண்கள் எல்லாம் விரிவுரையில் கிடைக்கும். விரிவுரையில் கிடைக்காதது, பல்கலைக்கழகப் படி மிதிக்காத, பல வருடமாக ஒரே இயந்திரத்தோடு இருக்கும் ஒப்பரேற்றர். சத்தம் மாறியதுமே நிறை மாறப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். தராசு அதைச் சொல்லச் சற்று நேரமாகும். பட்டதாரி அவரிடம் பணிந்து நின்று கற்கும் இடம் அது.

இன்னொன்று, எழுதும் முறை. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பதிவேடு உண்டு. எத்தனை மணிக்கு நிறுத்தோம், யார் நிறுத்தார், யார் பக்கத்தில் நின்று சரிபார்த்தார் என்று வேலை நடக்கும்போதே எழுத வேண்டும். பிழை விட்டால் ஒரே கோடு, அடித்தது தெரிய வேண்டும், பக்கத்தில் கையொப்பமும் திகதியும் வேண்டும். வெள்ளை மை போட்டு மறைக்க அனுமதியில்லை. எழுதாதது நடக்காதது என்பது இந்தத் தொழிலின் சட்டம். ஒரு மருந்து முடிந்து அடுத்ததைத் தொடங்குமுன், முந்தியதில் ஒரு குளிசைகூட இயந்திரத்தின் இடுக்கில் கிடக்கவில்லை என்று விளக்குப் பிடித்துப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். காய்ச்சல் குளிசைப் பெட்டிக்குள் ஒரு பிரசர் குளிசை தவறிப் போனால், அது எந்த வீட்டுப் பிள்ளையின் வாய்க்குள் போகும் என்று யாருக்கும் தெரியாது. கையொப்பமிடும் பிள்ளைக்கு முதன்முதலாகக் கை நடுங்கும். அந்த நடுக்கம் நல்லது. ஒரு மருந்தாளர் உருவாகும் கணம் அதுதான் என்பது என் எண்ணம்.

ஏன் ஓராண்டு? ஆறு வாரம் போதாதா?

போதாது. பெட்டியில் போட்ட ஒரு தொகுதி மருந்திலிருந்து மாதிரிகளை எடுத்து, வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் வைப்பார்கள். நமது போன்ற சூடும் ஈரமும் மிகுந்த நாடுகளை எண்ணி வகுத்த அளவு 30 பாகை வெப்பம், 75 வீத ஈரப்பதம். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று எடுத்துச் சோதிப்பார்கள். போன முதல் வாரத்தில் தன் கையால் அடுக்கி வைத்த மாதிரி ஒரு வருடத்தில் எப்படி மூப்படைகிறது, நிறம் மாறுகிறதா, வலு குறைகிறதா என்பதை ஓராண்டு இருப்பவர்தான் பார்ப்பார். ஆறு வாரம் இருப்பவருக்கு மருந்தின் பிறப்பு மட்டுமே தெரியும். ஈரக்காற்று வீசும் மாதத்தில் குறுணை ஏன் காய மறுக்கிறது என்பதும், வெளியிலிருந்து ஒழுங்குபடுத்தும் அதிகாரிகள் வந்து பதிவேடுகளைப் புரட்டும் நாளில் தொழிற்சாலை எப்படி இருக்கும் என்பதும் அப்படித்தான். தகரக் கூரையின் கீழ், அடுப்படித் தட்டில், ஒரு மாதம் கிடக்கும் குளிசையைச் சிறு வயதிலிருந்து பார்த்த இலங்கைத்துறைப் பிள்ளைக்கு, அந்த 30 பாகை அறை எதற்கு என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

பிரித்தானியாவில் இது பழகிப்போன விடயம். இரசாயனவியல், மருந்தியல் போன்ற பாடங்களில் மூன்றாம் ஆண்டைத் தொழிற்சாலையில் கழித்துவிட்டு நான்காம் ஆண்டில் பட்டம் முடிக்கும் படிப்புகள் பல உண்டு. ஜிஎஸ்கே, அஸ்ட்ராசெனெக்கா போன்ற நிறுவனங்கள் ஆண்டுதோறும் மாணவர்களைச் சம்பளத்தோடு எடுக்கின்றன. லண்டனில் வளரும் நம் உறவுகளின் பிள்ளைகளுக்கு அது விண்ணப்பம் அனுப்பும் காரியம். தமிழ்நாட்டில் பட்டம் முடித்தவர் 1961ஆம் ஆண்டின் பயிலுநர் சட்டத்தின் கீழ் ஓராண்டு தொழிற்சாலையில் பயிலலாம். அவருக்கான குறைந்தபட்சக் கொடுப்பனவில் பாதியை மத்திய அரசு தருகிறது. நம் நாட்டில் மருந்தாக்கல் பட்டப்படிப்பு கொழும்பு, பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. ஆனால் தொழிற்சாலைப் பயிற்சி பெரும்பாலும் வாரங்களாலும் மாதங்களாலும் எண்ணப்படுகிறது.

ஓராண்டுப் பயிற்சி திருகோணமலையிலேயே இருக்கிறது, ஆனால் வேறொரு மருத்துவத்தில். நிலாவெளிப் பாதையில் கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள். ஐந்தாண்டுப் படிப்பு முடிந்ததும் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. அது முடியாமல் பதிவு இல்லை. தைலம் காய்ச்சும்போது அடியில் படியும் கல்கத்தை எடுத்து விரலிடையே உருட்டிப் பார்த்து, மெழுகுபதமா, மணற்பதமா என்று முடிவு செய்ய அவர்கள் கற்கிறார்கள். வெளிப்பூச்சுக்கு ஒரு பதம், உள்ளுக்குக் கொடுக்க வேறொரு பதம். ஆங்கில மருந்துத் தொழிற்சாலையில் கரைவுச் சோதனை செய்கிற வேலையைத்தான் அங்கே விரல்கள் செய்கின்றன. விரலின் அறிவையும் ஆய்வுகூடத்தின் அளவையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் நாட்டில் வேறில்லை. அந்த வளாகத்தோடு சேர்த்து ஒரு நல்ல மருந்து செய்நிலையம் எழும்ப வேண்டும். பயிற்சி ஆண்டின் ஒரு பகுதி அதில் கழிய வேண்டும்.

மூன்றாவது வழியும் உண்டு. பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரின் கீழ் பாமசியிலேயே பயிலுநராக நின்று, பரீட்சை எழுதி, இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெறுவது. பல்கலைக்கழக வாசலில் இஸட் புள்ளி குறைந்து திரும்பிய பல பிள்ளைகளுக்கு இந்த வழி சோறு போட்டிருக்கிறது. அவர்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்து மருந்து கொடுக்கப் பழகுகிறார்கள். மருந்து எப்படிச் செய்யப்படுகிறது என்பதைக் காண அவர்களுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

மருந்து செய்யும் அறிவு கையில் இல்லாத நாடு என்ன பாடுபடும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே. வணிகப் பெயரை விட்டு மூலப்பெயரில் மருந்து வாங்க வேண்டும், உலகம் முழுவதும் விலை கேட்டு மொத்தமாக வாங்க வேண்டும் என்று நடைமுறைப்படுத்தியவர். 1974இல் கொலரா பரவியபோது டெட்ராசைக்ளின் அவசரமாகத் தேவைப்பட்டது. ஹோக்ஸ்ட் நிறுவனத்திடம் மலிவாக வாங்கிய மூலப்பொருள் கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தது. அதைக் கப்சூலில் அடைக்கும் வசதி உள்ளூரில் பைசர் நிறுவனத்திடம் இருந்தது. அந்த நிறுவனம் அடைத்துத் தர மறுத்தது. கப்சூல்களை அதிக விலை கொடுத்து விமானத்தில் இறக்க வேண்டியதாயிற்று. பிபிலே 1977இல் கயானாவில் காலமானார். அரசுக்கென்று ஒரு மருந்துத் தொழிற்சாலை, அரச மருந்தாக்கல் உற்பத்திக் கூட்டுத்தாபனம், 1987இல் ஜப்பானின் உதவியோடு இரத்மலானையில் எழுந்தது. நம் கிளினிக் உறைகளில் வரும் குளிசைகளில் ஒரு பங்கு இன்றும் அங்கிருந்துதான் வருகிறது.

2022இல் டொலர் இல்லாமல் போனபோது மீண்டும் அதே பாடம். மார்ச் மாதக் கடைசியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்தில்லாததால் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. தட்டுப்பாட்டின் பின்னால் அவசரக் கொள்வனவு வந்தது, அதன் பின்னால் ஊழல் வந்தது. தரமற்ற இம்யூனோகுளோபுலின் வாங்கிய விவகாரத்தில், சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார்.

தமிழ்நாட்டில் நடந்தது இன்னும் நெஞ்சை உலுக்குவது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் பாணியைக் குடித்து 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். சோதித்தபோது அதில் 48 வீதத்துக்கும் அதிகமாக டைஎதிலீன் கிளைக்கோல் இருந்தது. சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு அது. 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றதும் அதே நஞ்சுதான். பாணி செய்யப் பயன்படும் கரைப்பான் பீப்பாயைத் திறந்து, இது நாம் கேட்ட பொருள்தானா என்று சோதித்துவிட்டு உள்ளே எடுப்பது பயிற்சிக்கு வரும் மாணவருக்கு ஆரம்பத்திலேயே கற்றுக்கொடுக்கும் வேலை. அந்த ஒரு வேலை செய்யப்படாத இடத்தில் பிள்ளைகள் செத்தார்கள். பயிற்சி ஆண்டை வெறும் சான்றிதழ்க் கதையாகப் பார்ப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, திருகோணமலைப் பிள்ளைக்கு என்ன தடை? முதலாவது தூரம். இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ கொழும்புக்குப் போகலாம், ஒரு வருடம் தங்குவதுதான் கஷ்டம். போர்டிங் காசு, சாப்பாட்டுக் காசு, கொடுப்பனவு இல்லாத பயிற்சி. மீன்பிடியையும் வயலையும் நம்பியிருக்கும் குடும்பம் இதைத் தாங்காது. இரண்டாவது, பெண் பிள்ளையைத் தனியே விடுவதற்கான தயக்கம். இந்தக் கரையில் 2004இல் கடல் வந்தது, 2006இல் சண்டை வந்து ஈச்சிலம்பற்று மக்கள் வெருகலைத் தாண்டி வாகரைக்கு ஓடினார்கள். இன்று பல்கலைக்கழக வயதிலிருக்கும் பிள்ளைகளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்மார் அவர்கள். அவர்களின் தயக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நம்பிக்கையான விடுதி ஒன்று இருந்தால் அந்தத் தயக்கத்தில் பாதி போய்விடும்.

மூன்றாவது மொழி. பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது, தொழிற்சாலைத் தளத்தில் பேச்சு சிங்களத்தில் நடக்கிறது. சிங்களம் கற்பது நல்லது, ஓராண்டு இருந்தால் அது தானாக வரும். ஆனால் பாதுகாப்பு அறிவித்தலும் செயல்முறை ஏடும் தமிழிலும் இருப்பது அரசியலமைப்புத் தந்த உரிமை, அரச தொழிற்சாலையிலாவது அது நடக்க வேண்டும். தமிழில் முடியுமா என்று கேட்பவர்கள் மானிப்பாயை நினைக்கட்டும். மருத்துவர் சாமுவேல் கிறீன் 1848 முதல் அங்கே மாணவர்களைத் தன்னோடு வைத்துக்கொண்டு, வைத்தியமும் மருந்தும் செய்துகாட்டிக் கற்பித்தார். அவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் வைத்தியர்களானார்கள். இரசாயனவியலைத் தமிழில் சொல்லும் ‘கெமிஸ்தம்’ 1875இல் அச்சேறியது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் முடிந்தது இன்றும் முடியும்.

தொழிற்சாலைகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளையைப் போட்டோகொப்பி எடுக்கவும் லேபல் ஒட்டவும் மட்டும் வைத்திருந்து பன்னிரண்டாம் மாதம் சான்றிதழ் கொடுப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, களஞ்சியம், ஆவணம் என்று மூன்று மூன்று மாதமாவது சுற்ற விடுங்கள். ஒரு தொகுதி தவறிப்போய் அழிக்கப்படும் நாளில் அவரைப் பக்கத்தில் வைத்திருங்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் இரத்மலானைத் தொழிற்சாலையோடு எழுத்தில் ஓர் உடன்படிக்கைக்கு வர வேண்டும். வருடத்துக்கு இத்தனை இடம், அதில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு இத்தனை என்று அதில் இருக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கியவையாகக் கொள்ளப்படும் பதினாறு மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. வாசலில் காட்டும் அந்தக் கரிசனை பயிற்சி ஆண்டிலும் தொடர வேண்டும். கொடுப்பனவில் பாதியை அரசு ஏற்கும் முறை இங்கும் வர வேண்டும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து கோயில் கோபுரத்துக்கும் பள்ளிக்கூட மதிலுக்கும் காசு அனுப்பும் நம் உறவுகள், ஒரு பிள்ளையின் ஒரு வருட விடுதிச் செலவை ஏற்க முன்வந்தால் அது பல்லாயிரம் நோயாளிக்குச் செய்த உதவி.

மூதூர், கிண்ணியா, ஈச்சிலம்பற்றுப் பெற்றோருக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். உயர்தரத்தில் உயிரியல் படித்து மருத்துவ பீடம் கிடைக்காத பிள்ளையை வீட்டில் அழவிடாதீர்கள். மருந்தாக்கல் என்று ஒரு படிப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளை தொழிற்சாலையில் ஒரு வருடம் நிற்கப் போகிறேன் என்று வந்து கேட்டால், ஒரு வருடம் வீண் என்று சொல்லாமல் அனுப்பிவையுங்கள்.